பேப்பர் போட்டா காசு வருமா? கம்பஸ் ஆய்வும் அதுக்குப் பின்னால ஓடுற காசும்

தங்கச்சிட மகள் கம்பஸில கடைசி வருஷம். கரைவலையில என்னென்ன மீன் எந்தெந்த அளவில படுது எண்டு பாக்கிறதுதான் அவளிட ஆய்வு. போன மாசம் ஒரு நாள் விடியக்காலமை நிலாவெளிக்கு அங்கால இறக்கக்கண்டிக் கரையில அவளோட போய் நிண்டன், அவள் மீனைப் பலகையில வச்சு அளந்து நீளத்தைச் சொல்லச் சொல்ல நான் கொப்பியில எழுதிக்கொண்டிருந்தன். அப்ப கேட்டாள், "மாமா, வெளிநாட்டில ஒரு பேப்பர் போட்டா யூனிவர்சிட்டி இலட்சக்கணக்கில காசு குடுக்குமாம், சீனியர் அண்ணா ஒராள் சொன்னார், உண்மையோ? அப்ப எங்கட சேர்மாருக்கும் வருமோ?"

அந்த நேரம் அடுத்த வலையிட மடி கரைக்கு வந்துட்டு, ஆக்கள் எல்லாரும் ஓடினாங்க, பதில் சொல்ல ஏலாமப் போச்சு. பிறகு வீட்ட வந்து ஆறுதலா இருந்து சொன்னன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறன், கம்பஸுக்குப் புதுசாப் போற பிள்ளைகளுக்கும் அவையிட அம்மா அப்பாமாருக்கும் இது தெரிஞ்சிருந்தா நல்லம் எண்டு நினைக்கிறன். நான் லெக்சரர் இல்ல, கொஞ்ச வருஷமா ஆய்வுகளுக்கு ஊருக்குள்ள போய் டேட்டா சேர்த்துக் குடுக்கிற வேலை செய்றன், அதால இந்தக் காசு எங்கால வந்து எங்கால போகுது எண்டு கிட்ட நிண்டு பாத்திருக்கிறன்.

முதல்ல பேப்பர் எண்டா என்ன எண்டு சொல்லிடுறன். ஒரு ஆய்வு செய்து முடிச்சா, என்ன கேள்வி, எப்பிடிச் செய்தம், என்ன கண்டம் எண்டு பத்துப் பதினைஞ்சு பக்கத்தில எழுதுறதுதான் பேப்பர். அதை ஜேர்னல் எண்டு சொல்ற ஆய்விதழுக்கு அனுப்போணும். அங்க அதே துறையில இருக்கிற ரெண்டு மூண்டு பேர் வாசிச்சு, இது பிழை, இதைத் திருத்து, இதுக்கு ஆதாரம் காணாது எண்டு எழுதி அனுப்புவாங்க, இதைத்தான் பியர் ரிவியூ எண்டு சொல்றது. திருத்தித் திருத்தி அனுப்பி, ஒரு வருஷம் போனாலும் போகும், கடைசியா வெளிவரும். 1665 இல லண்டனிலயும் பாரிசிலயும் முதல் ஜேர்னல்கள் தொடங்கினது, ஆனா இந்தப் பியர் ரிவியூ எல்லா இடத்திலயும் வழமையானது போன நூற்றாண்டிலதான்.

இதில வெளி ஆக்களுக்கு விளங்காத விஷயம் ஒண்டு இருக்கு. பத்திரிகைக்கு ஒரு சிறுகதை எழுதிக் குடுத்தா கொஞ்சமெண்டாலும் சன்மானம் வரும் தானே, ஜேர்னலில எழுதினவருக்கு ஜேர்னல் ஒரு சதமும் குடுக்காது. வாசிச்சுத் திருத்தம் சொல்ற ஆக்களுக்கும் பெரும்பாலும் ஒண்டும் இல்ல. இப்ப நிலைமை அதையும் தாண்டிப் போயிட்டு, கன இடத்தில எழுதினவரே காசு கட்டோணும். முந்தி லைப்ரரிதான் சந்தா கட்டி ஜேர்னல் வாங்கும், இப்ப ஆரும் இணையத்தில இலவசமா வாசிக்கலாம் எண்டு விடுறதுக்கு எழுதின பக்கத்திட்ட கட்டணம் எடுக்கிறாங்க, இதுக்கு ஓப்பன் அக்சஸ் எண்டு பேர். நேச்சர் எண்ட ஜேர்னல் 2020 இல அறிவிச்ச கட்டணம் ஒரு பேப்பருக்கு 9,500 யூரோ. எங்கட காசுக்கு 30 இலட்சத்துக்கு மேல. எல்லா ஜேர்னலும் அப்பிடி இல்ல, காசே எடுக்காத நல்ல ஜேர்னல்கள் நிறைய இருக்கு, அதைக் கடைசியில சொல்றன்.

அப்ப சீனியர் அண்ணா சொன்ன காசு எங்கால வருது? யூனிவர்சிட்டியிட்ட இருந்து, இல்லாட்டி அரசாங்கத்திட்ட இருந்து. அதைத்தான் ஊக்கத்தொகை எண்டு சொல்றம்.

சீனாதான் இதில பெரிய உதாரணம். 1990 அளவில நான்ஜிங் யூனிவர்சிட்டி, குறிப்பிட்ட பட்டியலில இருக்கிற ஜேர்னலில பேப்பர் போட்டா கைக்குக் காசு எண்டு தொடங்கினது. அந்தப் பட்டியல் எஸ்சிஐ, 1960களில அமெரிக்காவில யூஜின் கார்ஃபீல்ட் எண்டவர் ஆர் ஆரை மேற்கோள் காட்டி எழுதியிருக்கிறாங்க எண்டு கண்டுபிடிக்கிறதுக்காக உண்டாக்கினது, தேடுறதுக்குச் செய்த சாமான் பிறகு ஆக்களுக்குப் புள்ளி போடுற தராசா மாறிட்டு. நான்ஜிங்கைப் பாத்து மற்ற யூனிவர்சிட்டிகளும் தொடங்க, 2017 இல வந்த ஒரு ஆய்வு சீனாவில 100 யூனிவர்சிட்டிகளிட விதிகளை எடுத்துப் பாத்தது. ஒரு பேப்பருக்கு ஆகக் குறைஞ்சது 30 டொலர், ஆகக் கூடினது 165,000 டொலர். நேச்சரிலயோ சயன்ஸ் எண்ட ஜேர்னலிலயோ வந்தா 2016 இல சராசரியா 44,000 டொலர் அளவில குடுத்திருக்கிறாங்க, இண்டைக்கு எங்கட காசில ஒரு கோடிக்கு மேல. சீனியர் அண்ணா சொன்னது பொய்யில்ல. ஆனா அது பழைய கதை, அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு பின்னுக்குச் சொல்றன்.

தென்னாபிரிக்காவில வழி வேற. அங்க காசு முதல்ல எழுதினவருக்குப் போறேல்ல, யூனிவர்சிட்டிக்குப் போகுது. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பட்டியலில இருக்கிற ஜேர்னலில ஒரு பேப்பர் வந்தா அது ஒரு அலகு, அந்த அலகுக்கு 100,000 ரேண்டுக்கு மேல யூனிவர்சிட்டிக்கு மானியம் வரும். சில யூனிவர்சிட்டி அதில ஒரு பங்கை எழுதினவரிட ஆய்வுக் கணக்கில போடும், சில இடத்தில சம்பளத்தோடயே குடுத்ததும் உண்டு. இதில ஒரு சின்ன விதியைக் கவனியுங்க. ஒரு பேப்பரை வேற யூனிவர்சிட்டி ஆளோட சேர்ந்து எழுதினா அந்த அலகைப் பிரிச்சுப் போடுவாங்க. ரெண்டு பேர் எண்டா அரைவாசி அரைவாசி. அப்ப ஒரு ஆள் என்ன யோசிப்பார்? வெளியில நல்ல நிபுணர் இருந்தாலும் ஏன் சேர்ப்பான், நாங்களே முடிப்பம் எண்டு வருமா இல்லையா? ஆரும் கெட்ட எண்ணத்தோட எழுதின விதி இல்ல, ஆனா ஆக்கள் சேர்ந்து வேலை செய்யிறதை அது பின்னுக்கு இழுக்குது.

எங்கட நாட்டில எப்பிடி? இஞ்ச ஒரு பேப்பருக்கு இவ்வளவு எண்டு கோடிக்கணக்கில ஆரும் குடுக்கிறேல்ல. இருக்கிறது ரெண்டு மூண்டு வழி. ஒண்டு ஆய்வுப்படி, ரிசேர்ச் அலவன்ஸ் எண்டு சொல்லுவாங்க, 2011 பட்ஜெட்டோட அடிப்படைச் சம்பளத்தில 25 வீதம் எண்டு வந்து பிறகு 35 வீதமானது. ஆய்வுத்திட்டத்தை எழுதிக் குடுத்து அனுமதி எடுத்து, செய்ததுக்கு அறிக்கையும் குடுக்கோணும். இது பரிசு இல்ல, சம்பளத்தோட ஒட்டின படி, எங்கட லெக்சரர்மார் கனபேருக்கு வீட்டுச் செலவே இதை நம்பித்தான் ஓடுது, அதைக் குறையாச் சொல்ல எனக்கு மனமில்ல. ரெண்டாவது பதவியுயர்வு. யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பேராசிரியராகிறதுக்குப் புள்ளித் திட்டம் ஒண்டை வச்சிருக்கு, பழைய ஆக்கள் 723, 916 எண்டு சுற்றறிக்கை நம்பரைச் சொல்லியே கதைப்பாங்க. படிப்பிச்சதுக்குப் புள்ளி, ஆய்வுக்குப் புள்ளி, நாட்டுக்குச் செய்த சேவைக்குப் புள்ளி. பெயர்பெற்ற பட்டியலில இருக்கிற ஜேர்னல் எண்டா புள்ளி கூட. கையில காசு தராட்டியும் இதுவும் காசுதான், பேராசிரியரானா சம்பளம் கூடும், அது பென்சன் வரைக்கும் வரும். மூண்டாவது விருது, தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஜனாதிபதி விருது எண்டு நல்ல ஜேர்னலில எழுதின விஞ்ஞானிகளுக்குக் குடுக்கிறது. சில யூனிவர்சிட்டிகள் தங்கட பாட்டில ஜேர்னல் கட்டணத்தைக் கட்டிக் குடுக்கும், மாநாட்டுக்குப் போக டிக்கெட் காசு குடுக்கும்.

யூனிவர்சிட்டிக்கு ஏன் இவ்வளவு அக்கறை எண்டா, ரேங்கிங். 2003 இல ஷங்காயில இருந்து உலக யூனிவர்சிட்டிப் பட்டியல் ஒண்டு வந்தது, அதில நேச்சர், சயன்ஸ் ரெண்டிலயும் வந்த பேப்பருக்கு மட்டும் 20 வீதப் புள்ளி. பிறகு டைம்ஸ், கியூஎஸ் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. பட்டியலில மேல வந்தா நல்ல பிள்ளைகள் வருவாங்க, வெளிநாட்டு மாணவர் வருவாங்க, அரசாங்கமும் மதிக்கும். அதோட, ஆய்வு நல்லதோ கெட்டதோ எண்டு பாக்கிறதுக்கு அதை வாசிக்கோணும், வாசிக்க நேரமும் அறிவும் வேணும், எண்ணுறதுக்கு ஒரு கிளார்க் போதும். நிர்வாகங்கள் எண்ணிக்கைக்கு இழுபடுறதுக்கு இதுதான் உண்மையான காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

இந்த இடத்தில அவளுக்கு விளங்கேல்ல. "எண்ணினா என்ன மாமா, கூடப் பேப்பர் போட்டா கூட ஆய்வு தானே?" எண்டாள். அதனால அவளிட கொப்பியையே எடுத்துக் காட்டினன்.

அண்டைக்கு விடிய முதல் மடியில கனக்க நெத்தலியும் சூடையும், நடுவில நல்ல பாரை நாலு. சம்மாட்டி, அதான் வலைச் சொந்தக்காரர், மீனை நிறுத்துத்தான் விக்கிறார், பாரைக்கு ஒரு விலை, நெத்தலிக்கு ஒரு விலை. இப்ப ஒரு புது முதலாளி வந்து, நான் நிறுக்க மாட்டன், வகையும் பாக்க மாட்டன், ஒரு மீனுக்கு பத்து ரூபா, எண்ணிக் காசு எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டு அவளிட்டக் கேட்டன். ஆர் பிறகு பாரைக்குக் கடலுக்குப் போவாங்க? கண்ணைச் சின்னதாக்கி வலை கட்டுவாங்க, குஞ்சு குருமன் எல்லாத்தையும் வாரிக்கொண்டு வருவாங்க, ஒரு பாரையை ஆறு துண்டா வெட்டி ஆறு எண்டு கணக்குக் காட்டவும் ஆள் வரும். முதலாளிட கொப்பியில மீன் கூடினதாத்தான் இருக்கும், கடலில குறைஞ்சிருக்கும். மீன்காரரைப் பிழை சொல்ல ஏலாது, அவங்களுக்கும் வீட்டில அடுப்பு எரியோணும்.

உடனே பிடிச்சிட்டாள். "அப்ப நான் என்ட ஆய்வை ஆறாப் பிரிச்சு, பாரைக்கு ஒரு பேப்பர், சூடைக்கு ஒரு பேப்பர், மாசி மாசத்துக்கு ஒரு பேப்பர், வைகாசிக்கு ஒரு பேப்பர் எண்டு போடலாம் தானே" எண்டாள். அதேதான். ஆய்வு உலகத்தில இதுக்கு சலாமி வெட்டு எண்டு பேர், சலாமி எண்டது மெல்லிசா மெல்லிசா வெட்டிற ஒரு இறைச்சி. முழுசா ஒரு இடத்தில சேர்த்துச் சொன்னா கடற்றொழில் திணைக்களத்து அதிகாரி ஒராள் வாசிச்சு, இந்த மாசத்தில இந்தக் கண் வலை வேண்டாம் எண்டு முடிவெடுக்கலாம். ஆறு துண்டா ஆறு ஜேர்னலில கிடந்தா ஆர் தேடிப் பொறுக்கி வாசிக்கிறது?

சார்ல்ஸ் குட்ஹார்ட் எண்ட பிரித்தானியப் பொருளியலாளர் 1975 இல இதைத்தான் காசுக் கொள்கையைப் பற்றிச் சொல்லேக்க சொன்னார். ஒரு அளவுகோலையே இலக்கா வச்சிட்டா அது பிறகு நல்ல அளவுகோலா இருக்காது எண்டுதான் இப்ப எல்லாரும் அதைச் சொல்றாங்க. அவுஸ்திரேலியாவில இதைக் கண்ணால பாத்தாங்க, 1990களில பேப்பர் எண்ணிக்கையை வச்சு யூனிவர்சிட்டிகளுக்குக் காசு பிரிக்கத் தொடங்க, எண்ணிக்கை நல்லாக் கூடினது, ஆனா கூடினதில பெரும்பங்கு ஆக்கள் குறைவா மேற்கோள் காட்டுற ஜேர்னல்களில போய் விழுந்தது. லிண்டா பட்லர் எண்டவர் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2011 இல இன்னொரு ஆய்வு சயன்ஸ் ஜேர்னலுக்கு எந்த நாட்டில இருந்து எத்தினை பேப்பர் வருது எண்டு பாத்தது, கைக்குக் காசு குடுக்கிற நாடுகளில இருந்து அனுப்புறது கூடினது, ஏற்றுக்கொள்ளப்பட்டது அதுக்கேத்த மாதிரிக் கூடேல்ல. காசு ஆக்களை அனுப்ப வைக்கும், நல்ல ஆய்வு செய்ய வைக்கும் எண்டு இல்ல.

எண்ணிக்கைக்குக் காசு எண்டு வந்தா அந்த எண்ணிக்கையை விக்கிறதுக்கும் கடை திறப்பாங்க. போலி ஜேர்னல் எண்டு நாங்க சொல்றது அதுதான். ஜெஃப்ரி பீல் எண்டு கொலராடோ யூனிவர்சிட்டியில இருந்த ஒரு லைப்ரேரியன் இவையளுக்கு வேட்டையாடும் ஜேர்னல் எண்டு பேர் வச்சு ஒரு பட்டியல் நடத்தினார், 2017 தையில அதை நிப்பாட்டிட்டார். தென்னாபிரிக்காவில 2005 இல இருந்து 2014 வரைக்கும் மானியம் எடுத்த பேப்பர்களைத் தோண்டிப் பாத்த ஆய்வாளர்கள், 3,900க்கு மேல இப்பிடிச் சந்தேகமான ஜேர்னலில வந்ததெண்டு கண்டாங்க, அவ்வளவும் பொதுமக்கள் வரிக்காசு. பெரிய கம்பனிகளுக்கும் இது நடந்தது, வைலி எண்ட பதிப்பகம் 2021 இல ஹிந்தாவி எண்ட ஓப்பன் அக்சஸ் கம்பனியை வாங்கினது, 2023 இல அந்த ஹிந்தாவி ஜேர்னல்களில வந்த 8,000க்கு மேற்பட்ட பேப்பர்களை இனி நம்ப ஏலாது எண்டு அறிவிச்சுத் திருப்பி எடுத்தாங்க. கூலிக்குப் பேப்பர் எழுதி ஆசிரியர் இடத்தை விலை பேசி விக்கிற கூட்டங்களிட கைவேலை அதில நிறைய இருந்தது.

என்ட கையிலயும் சூடு பட்டிருக்கு. சில வருஷத்துக்கு முந்தி மூதூர்ப் பக்கம் கிணத்துத் தண்ணி உப்பாகிறதைப் பற்றி ஒரு சின்ன வேலை. நான் வீடு வீடாப் போய்த் தண்ணி எடுத்தன், எல்லாப் போத்திலிலயும் வீட்டுக்காரற்ற பேரை ஒட்டினன், ஒரு அம்மா வெயிலுக்க நிக்கிறன் எண்டு மோர் கரைச்சுத் தந்து, "தம்பி, இந்தத் தண்ணி பிள்ளைகள் குடிக்கலாமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" எண்டா. எழுதி முடிச்ச நேரம் ஒரு இமெயில், "பெருமதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கட உன்னதமான ஆய்வை எங்கட ஜேர்னலுக்குத் தாங்கோ" எண்டு இங்கிலீசில, எங்களில ஆரும் பேராசிரியர் இல்ல. எங்களுக்கு அவசரம், குழுவில ஒராளுக்குப் பதவியுயர்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி நெருங்கிட்டு. அனுப்பினம். நாலு நாளில ஏற்றுக்கொண்டம் எண்டு பதில், ஒரு எழுத்துப் பிழைகூடத் திருத்தச் சொல்லேல்ல, 150 டொலர் கட்டுங்கோ எண்டாங்க. எல்லாரும் போட்டுக் கட்டினம். ரெண்டு வருஷத்தால தேடினா அந்த வெப்சைட்டே இல்ல, எங்கட பேப்பரும் இல்ல. வேற ஜேர்னலுக்குக் குடுக்கவும் ஏலாது, ஒருக்கா வெளிவந்ததை எடுக்க மாட்டாங்க. அந்த 45,000 ரூபாயை விட எனக்கு நோகிறது அந்த அம்மாட கேள்விதான், அவவுக்குப் போய்ச் சொல்லக் கையில ஒழுங்கான பதில் இருந்தது, எங்கட அவசரத்தில அதை உலகத்துக்கு முன்னால வைக்கிற சந்தர்ப்பத்தை இல்லாம ஆக்கிட்டம்.

இன்னொரு சேதத்தைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்ல. புள்ளி குடுக்கிற பட்டியலில இருக்கிறது அநேகமா இங்கிலீஸ் ஜேர்னல்கள், அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் இருக்கிறது. ஸ்கொப்பஸ் எண்ட பட்டியல் 2004 இல வந்தது, வெப் ஒஃப் சயன்ஸ் அதுக்கு முந்தியே இருந்தது, ரெண்டிலயும் தமிழில எழுதினதுக்கு இடம் எண்டது இல்லாத மாதிரித்தான். அப்ப கன்னியா வெந்நீரூற்று ஏழு கிணறைப் பற்றியோ, தம்பலகாமத்துக் கோயில் வழமைகளைப் பற்றியோ, சித்த வைத்திய ஏடுகளைப் பற்றியோ ஒராள் பத்து வருஷம் உழைச்சுத் தமிழில ஒரு புத்தகம் போட்டா, அதுக்குக் கிடைக்கிற மரியாதை, ரெண்டு மாசத்தில எழுதின இங்கிலீஸ் பேப்பர் ஒண்டுக்குக் கிடைக்கிறதை விடக் குறைவா இருக்கலாம். கோணேசபுரியில இருக்கிற திருகோணமலை வளாகத்தில சித்த மருத்துவம் படிப்பிக்கிறாங்க, பிரயோக விஞ்ஞானம் படிப்பிக்கிறாங்க, தொடர்பாடலும் வணிகமும் படிப்பிக்கிறாங்க. இந்த மூண்டையும் ஒரே தராசில நிறுக்கிறது எப்பிடி? கணினி ஆய்வு ஆறு மாசத்தில வெளிவரும், ஏட்டுச்சுவடி ஒண்டை வாசிச்சு ஒப்பிட்டு எழுத ஆறு வருஷம் வேணும். எண்ணுற முறை ஏட்டுக்காரருக்கு அநியாயம் செய்யுது, இதை நான் உரத்தே சொல்லுவன்.

பேர் போடுறதிலயும் பிரச்சினை வரும். காசும் புள்ளியும் பேருக்குத்தான் எண்டா வேலை செய்யாத ஆளிட பேரும் உள்ள வரும், வேலை செய்த பிள்ளைட பேர் வெளிய போகும். கடைசி வருஷப் பிள்ளைகள் இதைத் தொடக்கத்திலயே தங்கட மேற்பார்வையாளரோட மரியாதையாக் கதைச்சுக்கொள்ளோணும், சேர் இல்லாட்டி மிஸ் இதுக்குக் கோவிக்க மாட்டினம், நல்ல ஆக்கள் தாங்களாவே சொல்லுவினம்.

இவ்வளவும் சொன்னதுக்காகக் காசே குடுக்கக் கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல. நாடு ஆய்வுக்குச் செலவழிக்கிறது மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.1 வீதம் அளவிலதான், இதில இன்னும் குறைக்கச் சொல்றது பாவம். என்ட கதை என்னெண்டா, காசை முடிவில பரிசாக் குடுக்கிறதை விட முதல்ல செலவுக்குக் குடுங்கோ. என்ட மருமகளிட கணக்கைப் பாருங்கோ. டவுனில இருந்து இறக்கக்கண்டிக்குக் கிழமையில ரெண்டு தரம் போக வரக் காசு, விடிய பஸ் இல்லாட்டி ஓட்டோ. மீனைக் கெடாமக் கொண்டு வர ஐஸும் ரெஜிஃபோம் பெட்டியும். தராசு ஒண்டு, அதுக்கு பற்றரி. அளக்கிற பலகை தச்சாசாரியார் ஒராள் சும்மா செய்து தந்தார், அடிமட்டத்தைத் தகட்டில அடிச்சு. கப்பலுக்குப் போற மாதிரிப் பெரிய செலவு ஒண்டும் இல்ல, ஆனா இவ்வளவும் தங்கச்சிட கையால போகுது, ஆசிரியைச் சம்பளத்தில. வாடை தொடங்கினா கரைவலை இழுக்க ஏலாது, அதுக்குள்ள மாதிரி எடுத்து முடிக்கோணும், காசு இல்லாததால ரெண்டு கிழமை போகேல்ல, அந்த ரெண்டு கிழமை டேட்டா இனி எப்பவும் வராது. பேப்பர் வந்தாப் பிறகு அவளுக்கோ மேற்பார்வையாளருக்கோ எவ்வளவு பரிசு குடுத்தாலும் அந்த ஓட்டையை அடைக்க ஏலாது. உலக வங்கி 100 மில்லியன் டொலரோட 2017 இல தொடங்கின அஹெட் எண்ட உயர்கல்வித் திட்டம் மாதிரி, ஆய்வு தொடங்க முதல் போட்டி வச்சுக் காசு குடுத்த திட்டங்கள் இஞ்ச வந்திருக்கு, அது மாதிரிச் சின்னச் சின்னத் தொகையா, கடைசி வருஷப் பிள்ளைகளுக்கும் எட்டுற மாதிரி வந்தா எவ்வளவு நல்லம்.

வேற நாடுகளும் வழி தேடுது. நோர்வே 2000களிட நடுவில இருந்து ஜேர்னல்களை ரெண்டு தட்டாப் பிரிச்சு மேல் தட்டுக்குப் புள்ளி கூடக் குடுத்தது, புத்தகத்துக்கும் புள்ளி குடுத்தது, அதால இலக்கியம் வரலாறு எழுதுற ஆக்களும் கணக்கில வந்தாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவில 2012 இல கூடின ஆக்கள் டோரா எண்டு ஒரு பிரகடனம் எழுதினாங்க, ஜேர்னலிட பேரை வச்சு ஆய்வை மதிக்காதேங்கோ, ஆய்வை வாசிச்சு மதியுங்கோ எண்டு. பிறகு 2020 மாசியில சீன அரசாங்கமே, பேப்பருக்குக் கைக்காசு குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ, எஸ்சிஐ எண்ணிக்கையை மட்டும் வச்சுப் பதவி குடுக்காதேங்கோ, ஒராளிட சிறந்த ஒரு சில ஆய்வுகளை எடுத்து வாசிச்சுப் பாருங்கோ எண்டு உத்தரவு போட்டது. உலகத்திலயே கூடக் காசு குடுத்த இடம் முப்பது வருஷம் அனுபவிச்சுப் பாத்திட்டுத் திரும்பி வந்திருக்கு, இதை எங்கட ஆக்கள் கவனமா வாசிக்கோணும்.

சரி, அவளுக்கு இப்ப என்ன செய்யிறது? ஜேர்னலைத் தெரிவு செய்யேக்க பாக்க வேண்டியதைச் சொன்னன். தானா வந்து புகழ்ற இமெயிலை நம்பாத. அந்த ஜேர்னலில வந்த பழைய பேப்பர் நாலஞ்சை எடுத்து வாசி, வாசிக்கவே ஒழுங்கில்லாட்டி விடு. ஆசிரியர் குழுவில இருக்கிற ஆக்களை அவங்கட யூனிவர்சிட்டிப் பக்கத்தில தேடிப் பார், சிலரிட பேரை அவங்களுக்கே தெரியாமப் போட்டிருப்பாங்க. ஓப்பன் அக்சஸ் எண்டா, ஒழுங்கான ஓப்பன் அக்சஸ் ஜேர்னல்களைச் சேர்த்து வச்சிருக்கிற டிஓஏஜே எண்ட இணையப் பட்டியலில இருக்கோ எண்டு பார், அங்கயே கட்டணம் எடுக்காத ஜேர்னல்களை மட்டும் பிரிச்சுத் தேடலாம். இலங்கை ஜேர்னல்களைப் பாக்க எஸ்எல்ஜோல் எண்டு ஒரு தளம் இருக்கு, எங்கட கடலைப் பற்றின ஆய்வை எங்கட நாட்டு ஜேர்னலில போடுறது ஒரு குறையும் இல்ல, வாசிக்க வேண்டிய ஆக்கள் இஞ்சதான் இருக்கிறாங்க. கட்டணம் கேட்டா உடன பயப்படாத, பல பதிப்பகங்கள் எங்களை மாதிரி நாடுகளுக்குக் குறைப்பும் தள்ளுபடியும் வச்சிருக்கு, ஆனா அனுப்புற நேரமே கேக்கோணும், ஏற்றுக்கொண்டாப் பிறகு கேட்டா சில இடத்தில குடுக்க மாட்டாங்க. விளங்காட்டி கம்பஸ் லைப்ரேரியனிட்டப் போ, இதுகளை அவங்களை விட ஆருக்கும் நல்லாத் தெரியாது, பிள்ளைகள்தான் போய்க் கேக்கிறேல்ல.

எல்லாம் கேட்டுட்டு, கட்டணம் எடுக்காத ரெண்டு ஜேர்னலிட பேரை எழுதி எடுத்துக்கொண்டு போனாள், மேற்பார்வையாளர் மிஸ்ஸிட்டக் காட்டப் போறாளாம். போன சனிக்கிழமை திரும்பவும் இறக்கக்கண்டிக்குப் போனம். சம்மாட்டி அவளைப் பாத்து, "மகள், இவ்வளவு நாளா அளக்கிறீங்க, எங்கட வலையைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறீங்க, எங்களுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்ட மாட்டீங்களோ?" எண்டார். இந்தக் கிழமை அவள் அதைத்தான் இருந்து எழுதுறாள், தமிழில, ஒரே ஒரு பக்கம், மீன் பேரெல்லாம் கரையில சொல்ற பேரிலயே.